பக்கத்து அறையிலிருந்து அழுபவள்

ஜூன் 3

என் வாலுக்குட்டிக்கு,

பாட்டி நலம். மூட்டு வலியும் நலம், என்னை விட்டுப் போக அதற்கு மனசே இல்லை. நாளெல்லாம் ஆபீசில் ஃபோன் காதில் ஒட்டிக் கிடக்கிறது, வீட்டில் மணி அடித்தாலே எரிச்சல் வருகிறது, லெட்டர் போடு என்று சொல்லிவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இது லேசுப்பட்ட வேலையா?

மேல்வீட்டு டீச்சரம்மா லிஃப்டில், "பேத்தி என்ன வேலை?" என்றாள்.

"ட்ரெயினர்."

"ஜிம்லயா?"

"இல்ல. பாலியல் வன்கொடுமை நடந்தவங்க ஃபோன் பண்ணிப் பேசற தொண்டு நிறுவனத்துல. அங்க ஃபோன் எடுக்கறவங்களுக்கு எப்படிப் பேசணும்னு இவதான் கத்துக் கொடுக்கறா."

அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "நல்ல வேலைதான். ஆனா வெளியில சொல்லிக்காதீங்க, வரன் அமையாது" என்றாள். "இதுக்கே ஓடற மாப்பிள்ளை இப்பவே ஓடட்டும்" என்றேன்.

போன தடவை வந்தபோது பாதிப் பேச்சிலேயே தூங்கிவிட்டாய். உனக்கு என்ன ஆயிற்று? ஒளிக்காமல் எழுது.

உன் பாட்டி


ஜூன் 11

பாட்டிக்கு,

பயிற்சியில் யாராவது ஒருவர் ஃபோன் செய்யும் பெண்ணாக நடிக்க வேண்டும். அதற்கென்று ஆள் போட ஆபீசுக்கு வசதி இல்லை. அதனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து நானே கூப்பிடுகிறேன், புதிதாக வந்தவர்கள் எடுக்கிறார்கள். காலையில் ஒருத்தியாக அழுகிறேன், மத்தியானம் வேறொருத்தியாக. கதையெல்லாம் நான் கட்டியதுதான். ஆனால் அது உடம்புக்குத் தெரியவில்லை, பாட்டி. சாயங்காலம் ஆள் போதாதபோது நிஜ ஃபோன்களையும் நானே எடுக்கிறேன்.

இப்போது என் குரல் எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் தேம்பினால், "மேடம், டீ சொல்லட்டுமா?" என்கிறார்கள்.

இந்த பேட்ச் முடிந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். டீச்சரம்மாவிடம் சொல்லாதே. சந்தோஷப்படுவாள்.

வாலு


ஜூன் 15

வாலுக்குட்டிக்கு,

நான் நடிக்கிறேன். என் குரலை அங்கே யாருக்கும் தெரியாது. தினமும் சீரியல் பார்க்கிறேன், அழத் தெரியாதா எனக்கு? மேலதிகாரியிடம் கேள். ஐந்தாவது படித்தவள் என்று சொல்லாதே, அனுபவசாலி என்று சொல்.

பாட்டி


ஜூலை 2

அனுபவசாலிக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. இதோடு வைத்திருக்கும் அட்டைகளில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. வீட்டிலிருந்தே கூப்பிட்டு, அதைப் பார்த்துப் பேசினால் போதும். நான் ஒட்டுக்கேட்க மாட்டேன். நீ பேசுவது உனக்கும் எடுப்பவருக்கும் நடுவில். தாங்கள் எப்படிப் பேசினோம் என்று அவர்கள் என்னிடம் சொல்லலாம், நீ என்ன சொன்னாய் என்று சொல்லக்கூடாது. நிஜமாக வரும் ஃபோனுக்கும் அதே விதிதான்.

வாலு


ஜூலை 20

பாட்டிக்கு,

"நான் இங்க அழறேன், நீ அங்க பேப்பர் புரட்டறியாப்பா?" என்று ஒருவரை அதட்டினாயாமே! தான் செய்த தப்பு என்பதால் அவரே வந்து ஒப்புக்கொண்டார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். இப்போதெல்லாம் வீட்டுக்குப் போனதும் சாப்பிட முடிகிறது. அடுத்து உன் ஃபோனை எடுக்கப்போவது இருமல்காரி. பேசுவதைவிட இருமுவதுதான் அதிகம், ஆனால் நல்ல பெண்.

வாலு


ஜூலை 27

பாட்டி,

நேற்று நீ ஃபோனில் பேசி முடிக்க வெகு நேரம் ஆனது. இருமல்காரி வெளியே வந்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லபடியா கேட்டேன் மேடம்."

"அட்டையில இருந்த பஸ் கதைதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். "அது அவங்களுக்கும் எனக்கும் நடுவுல மேடம். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

அந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிஷம் கூட ஆகாது, பாட்டி.

கூப்பிட்டவள் தானாகச் சொன்னாலொழியக் கேட்கக்கூடாது என்று வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறேன். ஆனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட இறங்கவில்லை. யார் அவன்? அப்போது உனக்கு என்ன வயசு? அம்மாவுக்குத் தெரியுமா?

பார், கேட்டுவிட்டேன். இந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். கிழிக்காமல் அனுப்புகிறேன்.

வாலு


ஆகஸ்ட் 4

என் தங்கத்துக்கு,

அட்டையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். பஸ்ஸில் ஏறினேன் என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றேன். அந்தப் பெண், "அவசரமே இல்லம்மா, நான் இருக்கேன்" என்றாள். அப்புறம் இருமாமல் காத்துக்கொண்டிருந்தாள், பாவம். அந்தப் பேச்சு நீ சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. உன் தாத்தா உட்பட இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதற்கப்புறம் அட்டை கையை விட்டு எங்கே விழுந்ததோ.

நீ கேட்டதற்கு ஒன்றுக்கும் பதில் எழுத மாட்டேன். கோபமில்லை. பேத்தி என்றால் கேட்கத்தான் செய்வாள். ஆனால் தெரிந்துவிட்டால் நீ என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பிப்பாய். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாய். அந்த ஆபீஸ் குரல் எனக்கு வேண்டாம்டி. என்னிடம் எரிந்து விழுவதற்கு இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் பாக்கி. அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி நடிக்க வரமாட்டேன். நடிப்பு வரவில்லை. நேற்று உங்கள் நிஜ நம்பருக்கே கூப்பிட்டேன், எல்லோரையும் போல வரிசையில் காத்திருந்து. யாரோ எடுத்தார்கள். நன்றாகக் கேட்டார்கள். இனிமேலும் கூப்பிடுவேன்.

வேலையை விடுவதானால் விடு. எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. நீ பழக்கிவிட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், எனக்கு அது போதும்.

இருப்பதானால் ஒன்று செய். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் நீ ஃபோனை எடுக்காதே.

உன் பாட்டி