லின்டன்ராத் சாலையை மூடிவிட்டார்கள்

டுசல்டோர்ஃப்
3-12-1973

அன்பு மகள் வைதேகிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளை பாலச்சந்திரனும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். நீ அனுப்பிய மணத்தக்காளி வற்றலும் நாரத்தங்காய் ஊறுகாயும் பதினைந்து நாளைக்கு முன்பே வந்துவிட்டன, உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே பெட்ரோல் தட்டுப்பாடு, ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் எடுக்கக்கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கிறது, பெரிய பெரிய ரோடுகளில் ஜனங்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குளிர் வந்ததும் கூடியிருக்கிறது. இதையெல்லாம் எழுதி நேரத்தைக் கடத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது, சொல்லவேண்டியது வேறு.

நீ பார்த்தேயிராத உன் தம்பி பாஸ்கரனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீ திருச்சியில் சித்தி வீட்டில் இருந்து படித்தபோது உனக்கு ஒரு தந்தி மட்டும் வந்தது, அதற்குமேல் நாங்களும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அப்போது நாங்கள் லின்டன்ராத் என்ற கிராமத்தில் குடியிருந்தோம். அந்த ஊர் வழியாகப் போகும் மாநிலச் சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு என்னை என்ஜினீயராகப் போட்டிருந்தார்கள், ஜெர்மனியில் நான் முதன்முதலாகப் போட்ட ரோடு அது. பாஸ்கரன் அங்கேதான் பிறந்தான், ஏழாம் மாதம் நிமோனியா வந்து மூன்றே நாளில் போய்விட்டான். பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கம் நமக்கில்லையே என்று தவித்தபோது வீட்டுக்கார அம்மாள் ஹெர்மன்ஸ்தான் ஊராரிடம் பேசி, அந்தச் சாலையோரத்து இடுகாட்டில் ஒரு மூலையை வாங்கிக்கொடுத்தாள். அம்மா ஒவ்வொரு பிப்ரவரியும் பஸ் பிடித்துப் போய்விட்டு வருவாள்.

அந்த ஊருக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. ஊரையே காலிசெய்து வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுச் சுரங்கம் தோண்டுவது என்று முடிவானது. ஊர் போனால் ரோடும் போகவேண்டும், ரோட்டை ரத்து செய்யும் பைல் 1971ல் என் மேஜைக்கு வந்தது. இந்தச் சாலை இனிப் பொதுப் போக்குவரத்துக்குத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது உன் அப்பாதான் வைதேகி. நான் போடாவிட்டால் அடுத்த மேஜைக்காரன் போடுவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில வீடுகள் காலியாவதை அம்மா பிப்ரவரியில் பார்த்திருந்தாள், இடுகாடும் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. அதை நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

போன மாதம் ஹெர்மன்ஸ் அம்மாள் உன் அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தாள், கல்லறைகளை மாற்றுகிறார்கள், குழந்தையை எடுக்க என்றைக்கு வருகிறீர்கள் என்று. நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா சமையல்கட்டில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். "ரெண்டு வருஷமா மனசுல வச்சுக்கிட்டு தினமும் என் கையால சாப்பிட்டீங்களே" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நவம்பர் இருபத்தைந்து, கார் ஓடாத முதல் ஞாயிறு. கடைசியாக ஒருமுறை அந்தச் சாலையைப் பார்த்துவிட்டு வரலாமென்று நான் கோட்டை மாட்டினேன், அம்மாவும் சால்வையை எடுத்துக்கொண்டு வந்தாள். ரயிலில் இறங்கி ஆறு கிலோமீட்டர் நடந்தோம், அவள் முழங்காலோடு. ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, ஜன்னல்களைக்கூடக் கழற்றியிருந்தார்கள். ஓரத்து மரங்களை வெட்டியாகிவிட்டது. ரோடு மட்டும் ஒரு விரிசல் இல்லாமல் கிடந்தது. மாதாகோவிலுக்கு முன்னால் திரும்பும் இடத்தில் அம்மா நின்று, "இந்த வளைவு நீங்க போட்டதுதானே" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நேருக்கு நேர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை காலை பாஸ்கரனின் குழியைத் தோண்டினார்கள். சுற்றிலும் படுதா கட்டியிருந்தது, குடும்பத்தார் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று விதி, ஆனால் தோண்டுகிற பெரியவர் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், போகச் சொல்லவில்லை. பதினொரு வருஷத்தில் களிமண்ணைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. உன் பாட்டி தபாலில் அனுப்பி நாங்கள் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண் மட்டும் கறுத்துப்போய் இரண்டு துண்டாகக் கிடைத்தது. அம்மா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று பெரியவர் கேட்டார். "அவனோடது, அவன்கிட்டயே இருக்கட்டும்" என்று அவளே மண்ணோடு பெட்டிக்குள் வைத்தாள். இந்த மண்ணையாவது எடுத்துப்போய்க் காவேரியில் கரைத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். "வேண்டாம். இது நமக்குத்தான் அன்னிய ஊரு, அவன் இங்கயே பொறந்து இங்கயே கிடந்தவன்" என்றாள். பெட்டியைக் கொண்டுபோய் இறக்கிய புது ஊர் இடுகாட்டில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. பாஸ்கரனுக்கு அடுத்த வரிசையில் ஹெர்மன்ஸ் அம்மாளின் புருஷனையும் புதைத்திருக்கிறார்கள். வாரா வாரம் வருவேன், இரண்டு பேருக்கும் சேர்த்தே பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அங்கேதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வேலையாக நான் தனியே போகவேண்டியிருந்தது. பெயர்ப்பலகைகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள், குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்பு வைத்தார்கள். மேற்குப் பக்கத்துத் துண்டு இனி வயலிலிருந்து பீட்ரூட் ஏற்றிவரும் வண்டிகளுக்கு, கிழக்குத் துண்டு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும், நடுவில் ஊர் இருந்த பாகம் முழுவதும் குழியாகப்போகிறது. பாதுகாப்பாக மூடியாயிற்று என்ற தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமையாகிய இன்று பாலங்கள் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டேன், கிடைக்குமோ கிடைக்காதோ.

அம்மா இப்போது பேசுகிறாள், ஆனால் காபி ஆறுது, மழை வரும் போலிருக்கு, அந்த அளவில்தான். நான் செய்தது தப்பு, எனக்காகப் பரிந்து நீ ஒரு வரியும் எழுதவேண்டாம். நீ உடம்பைப் பார்த்துக்கொள், டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, மாப்பிள்ளையின் அம்மாவிடம் எதிர்த்துப் பேசாதே, ஆனால் பயந்தும் நடக்காதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றே ஒன்றை மறக்காதே. அம்மாவுக்குத் தனிக் கவரில் கடிதம் போடு. தம்பி யார் ஜாடையில் இருந்தான், சிரிப்பானா, உன்னைப் பற்றி அவனிடம் சொன்னாளா என்று கேள். அவனைப் பற்றி அவளிடம் பேச்செடுக்க என்னால் முடியவில்லை, அதற்கான யோக்கியதையும் எனக்கில்லை. அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
ரகுநாதன்