செல்லம்மாள் முகத்துக்கு நேரே வந்த பந்து

1944, மாசி. செவ்வாய் இரவு.

வலது கை நடுவிரல் வீங்கிக் கிடப்பதால் இடது கையால் எழுதுகிறேன்.

காலையில் நானும் என் சம்சாரம் செல்லம்மாளும் துண்டு விற்கச் சேலம் ஜங்ஷனுக்குப் போனோம். அமெரிக்கச் சிப்பாய்களின் ரயில் நின்றிருந்தது. பிளாட்பாரத்தின் கோடியில் இரண்டு பேர் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காலைத் தூக்கி வீசிய பந்து, மற்றவன் கைக்குத் தப்பி, செல்லம்மாள் முகத்துக்கு நேரே வந்தது. என்னை அறியாமல் கையை நீட்டிப் பிடித்துவிட்டேன். சிப்பாய்கள் கைதட்டினார்கள். எறிந்தவன் ஓடிவந்து, "ஃபாஸ்ட் பால், ஃபாஸ்ட் பால்" (வேகப் பந்து என்று அர்த்தமாம்) என்று சொல்லியபடி என் விரலை ஊதினான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன்.

எலும்பு முறிந்திருக்கிறது, அடுத்த மாதம் வரை தறியில் உட்காரக் கூடாது என்று வைத்தியர் கட்டுப் போட்டு அனுப்பினார். தெருவில் அதற்குள் எனக்கு 'ஃபாஸ்ட் பால்' என்று பேர் வைத்துவிட்டார்கள். செல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"எம் மூஞ்சியில பட்டாப் பட்டுட்டுப் போவுதுங்க. உங்க கைதானுங்க நமக்குச் சோறு."

 சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது கேட்டாள்: "அந்தப் பையன் எங்கீங்க போறான்?"

"பர்மாப் பக்கம் சண்டைக்குன்னு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டாங்க."

அதன் பிறகு அவள் திட்டவில்லை. அடுத்த உருண்டையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.