பாவு போய்விடும் என்று பயந்தோம்

அக்கா,

மழைத் தண்ணீர் ஊறிவிட்டதென்று நேற்று தறிக்குழியை இறைத்துச் சுத்தம் செய்தேன். அடியில், காலால் அழுத்தும் மிதிக்குக் கீழே, மக்கிப்போன கோணிச் சாக்கு ஒன்று கிடந்தது. நீ தினமும் நனைத்துப் போட்டுக் கால் வைத்துக்கொண்ட சாக்கு. அதன் நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். ஒரே தறியில் நீ புடவையின் உடலை நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடா போட்டேன். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும். உன் வீட்டுக்காரர் செத்து, அவரிடமிருந்து உனக்கும் எச்.ஐ.வி. வந்திருப்பது தெரிந்தபோது, தெருவில் எவளும் உன் பக்கத்தில் உட்காரத் தயாராயில்லை. நான் உட்கார்ந்தேன். அதற்காக என்னையே மெச்சிக்கொண்டேன். என்ன திமிர் எனக்கு.

அரசாங்கத்தின் இலவச மாத்திரை வந்ததும் நீ தேறினாய். எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் மறுபடி தறியில் உட்கார்ந்தாய். சில மாதத்தில் பாதம் எரிய ஆரம்பித்தது. மிதியை அழுத்தும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாய். "ஊசியால குத்திக்கினே இருக்குதும்மா. செருப்பு கால்ல இருக்குதா, கழண்டுச்சான்னே தெரியல" என்றாய்.

டாக்டரிடம் சொல்லலாமா என்று கேட்டாய். நான்தான் வேண்டாமென்றேன். கூலிக்கு நெய்கிற நமக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பு முடியவில்லை என்று முதலாளியிடம் வாய் திறந்தால் அடுத்த புடவைக்கு அவர் தரும் பாவு நூல் வேறு வீட்டுக்குப் போய்விடும். காய்ச்சலோடு போய் நின்றாலும் நல்லா இருக்கேங்க என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். "வலிக்குதுன்னு சொன்னா, ஒத்துக்கலன்னு மாத்திரைய நிறுத்திடுவாங்கக்கா. நல்லா இருக்கேன்னே சொல்லு." நீயும் மாதம் தவறாமல் அப்படியே சொன்னாய்.

அந்த டாக்டர் மேல் இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து, "சூப்பரா இருக்கீங்கம்மா" என்று நிமிராமலே சொல்வார். ஒரேயொரு முறை நீ தாங்காமல், "கால் கொஞ்சம் எரியுது சார்" என்றாய். நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். "உயிரோட இருக்கீங்கல்ல, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றார் அவர். மேசைக்கு இந்தப் பக்கம் எட்டி உன் காலைப் பார்க்கக்கூட இல்லை. உயிரோடு இருப்பவளுக்கு வலிக்கக்கூடாதா என்ன?

கடைசி நாளில் நீயாகச் சொல்லும்வரை, நீ மாத்திரையைக் குறைத்தது எனக்குத் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கினால் எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது என்று நீயே கண்டுபிடித்து, மிச்சத்தை அரிசிப் பானையில் ஒளித்துவைத்தாய். மருந்து குறைந்த உடம்பில் இருமல் வந்தது. காசநோய் என்றார்கள். கார்த்திகைக்குள் போய்விட்டாய். வாசலுக்கு வெளியிலேயே நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போன உறவுக்காரர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்து மீதி மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஏன் இவ்வளவு மீதி என்று நர்ஸ் கேட்டார். சொன்னேன். "எரிச்சல்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பாங்களேமா" என்றார்.

நிறுத்த மாட்டார்களாம், மாற்றித்தான் தருவார்களாம். முதல் நாளே இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த உன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மாதாமாதம் ஒரே வரிதான், 'குறை எதுவும் இல்லை.'

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடமும் நான் பரவாயில்லை என்று சொல்வதில்லை. பல்வலிக்குப் போனால்கூட முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

உனக்குக் கால் எரிந்தது அக்கா. இரண்டு வருஷம், ராவும் பகலும் எரிந்தது. அப்படி எழுதியிருக்கிற காகிதம் இது ஒன்றுதான்.