நாற்பத்தொரு ஆமாம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். உன் தம்பி சாதித்துவிட்டான்! இரண்டு வாரமாக வாயே திறக்காத அந்த லாரி டிரைவர் நேற்று மத்தியானம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆயுதம் பதுக்கிய வீடு, அதன் வாசல், படி, ஜன்னல் வரைக்கும்! மூன்று நாள் தூங்கவிடாமல் நிற்க வைத்திருந்தோம். நீ வக்கீல், முகம் சுளிப்பாய். ஆனால் ஒரு விரல் அவர்மேல் படவில்லை, சத்தியமாக.

அவர் பாஷை தெரிந்தவன் இந்த ராணுவ முகாமில் நான் ஒருவன்தான். மொழிபெயர்த்ததும் நான், பதிவு எழுதியதும் நான். மேஜர் முதுகில் தட்டி, "நீ இல்லேன்னா இது நடந்தே இருக்காதுப்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

பச்சைக் கதவு, உடைந்த மூன்றாவது படி, ஜன்னலில் ஒரு கண்ணாடிக்குப் பதில் அட்டை. இதை வைத்துத் தெருத் தெருவாகத் தேடினோம். பச்சைக் கதவும் உடைந்த படியும் உள்ள வீடு ஒன்று அகப்பட்டது. அங்கே இருந்த, அதே பாஷை பேசும் தையற்காரரைப் பிடித்து வந்துவிட்டோம். ஆயுதம் இன்னும் கிடைக்கவில்லை, அவர் சொல்வார். பதினாறாம் தேதியிலிருந்து அவரையும் நிற்க வைக்கிறோம். ரகசியம், அம்மாவிடம்கூட மூச்சு விடாதே.

நீ நன்றாக இருக்கிறாயா?

உன் வாயாடி

மார்ச் 6

அடேய் வாயாடி,

நீதிமன்ற வராண்டாவில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாம் முறை அந்த வீட்டை அடையாளம் கண்டுகொண்டேன்.

முதலில் சட்டம். மூன்று நாள் தூங்கவிடாமல் நிற்க வைப்பது சித்திரவதை. நம் அரசாங்கம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. விரல் படவில்லை என்பது வெறும் சால்ஜாப்பு. அப்படி வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. "சட்டம் கிடக்கட்டும், பலன் கிடைத்ததே" என்பாய். சரி, பலனைப் பார்ப்போம்.

பச்சைக் கதவு, மூன்றாவது படி, ஜன்னலில் அட்டை. அட மடையா, அது நம் வீடு! அப்பா மீந்துபோன பெயிண்டை அடித்த கதவு. நீ பந்தடித்து உடைத்த கண்ணாடி. அட்டை வெட்டி ஒட்டியது நான். அந்த டிரைவர் நம் வீட்டுக்கு எப்போதடா வந்தார்? நீ கேள்வியை எப்படிக் கேட்டாய்? அதை மட்டும் ஒளிக்காமல் எழுது.

உன் கறார் அக்கா

மார்ச் 9

அக்கா,

வக்கீல் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே பொறுக்கி விரித்தேன்.

எங்கள் பதிவில் கேள்வியை எழுதுவதில்லை. பதிலை மட்டும் முழு வாக்கியமாக எழுத வேண்டும், மேலதிகாரிகள் படிக்க வசதியாக. நான் "கதவு பச்சையா?" என்று கேட்டு அவர் "ஆமாம்" என்றால், பதிவில் "கதவு பச்சை நிறம்" என்று இருக்கும். ஆனால் என் குறிப்பு நோட்டில் கேள்விகளும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு கேள்வி, நாற்பத்தொரு ஆமாம். அவராகச் சொன்னது ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் அவருக்குக் கண் செருகியது. பேச்சு வரவில்லை. எடுத்துக் கொடுப்போமே என்று, வாய்க்கு வந்த வீட்டைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. இப்போது அந்தத் தையற்காரர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நோட்டைக் காட்டினால் வேலை போய்விடும். என்ன செய்யட்டும்?

தம்பி

மார்ச் 11

என் தம்பிக்கு,

நோட்டு இருக்கிறதா! வராண்டா என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் அக்கா என்பதால் வாதாடக் கூடாது. என் சீனியர் வாதாடுவார். நிற்க வைப்பதைத் தடுக்கக் கோரும் மனு தயார். நோட்டும் வேண்டும், சாட்சியாக நீயும் வேண்டும், பதினாறாம் தேதி காலைக்குள். வேலை போனால் போகட்டுமடா, நான் இருக்கிறேன். அந்த மனுஷனை நிற்க வைக்க விடாதே.

அக்கா

மார்ச் 13

அக்கா, அக்கா, அக்கா!

முகாமின் சட்ட அதிகாரியிடம் நோட்டின் நகலைக் கொடுத்து, எதிர்ப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேஜர் பத்து நிமிஷம் கத்தினார். கடைசியில், "நாளையிலிருந்து உனக்கு இங்க வேலை இல்ல, கிளம்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் போய்விட்டால் தையற்காரரிடம் யார் கேள்வி கேட்பது? வேறு ஆள் வர ஒரு மாதமாவது ஆகுமாம்!

கிளம்பும் முன் டிரைவரைப் பார்க்க அனுமதி வாங்கினேன். நன்றாகத் தூங்கித் தெளிந்திருந்தார். "பச்சைக் கதவு வீட்டை எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"பார்த்ததே இல்ல தம்பி. நீங்கதான் ஒவ்வொண்ணா சொன்னீங்க. படியைச் சொல்றப்ப உங்க முகம் மலர்ந்துச்சு. உங்க வீடாத்தான் இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. ஆமான்னா தூங்க விடுவீங்கன்னு சொல்லிட்டே போனேன்."

ஆயுதம் எங்கே என்று அவருக்குத் தெரியவே தெரியாதாம். மூன்று நாள் நிற்க வைத்து நாங்கள் கண்டுபிடித்தது என் வீட்டைத்தான். நான் எழுந்தபோது அவர் கேட்டார்: "அந்தப் படியை அப்புறம் யாராவது சரி பண்ணினாங்களா?"

இல்லை என்றேன். அழுகை வந்துவிட்டது.

பதினைந்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன், நோட்டோடு. நீ கொத்தனார் கரண்டியை எடுத்து வை, நான் சிமெண்ட் வாங்கி வருகிறேன். படியைப் பூசிவிட்டு மறுநாள் நீதிமன்றத்துக்குப் போவோம். அங்கே கேட்கிற கேள்வியையும் எழுதுவார்கள், இல்லையா?

உன் வாயாடி