பாதியில் நிற்கும் படங்கள்

கேளம்பாக்கம்
28.07.2024

அன்புள்ள ரோகிணிக்கு,

அத்தை எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் மாமா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஹாலில் கிடக்கும் டேப்லெட்டிலும் வந்து நிற்கும். பூனா போன பிறகு மருமகள் எங்கே போனை எடுக்கிறாள்? பதிலை என் பள்ளி முகவரிக்குப் போடு.

டிவிக்கு அடியில் விஷால் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்தானே, அதைப் பற்றித்தான். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'வீடு', 'விஷால்' என்று இரண்டு வரி வரும். 'வீடு' என்றால் எங்கள் சீரியல், நியூஸ். 'விஷால்' என்றால் அவன் சேர்த்து வைத்த படங்கள். எதையும் அழுத்தாமல் விட்டால் தானாகவே 'வீடு' திறந்துகொள்ளும். என் பிள்ளை விபத்தில் போன பிறகு இந்த இரண்டு வருஷமும் அப்படித்தான் திறந்தது.

ஆடி பிறந்ததிலிருந்து 'விஷால்' திறக்கிறது, ரோகிணி. பள்ளி விட்டு வந்து ஆன் செய்துவிட்டுக் காபி போடப் போவேன். திரும்பி வந்தால் அவன் பக்கம் திறந்திருக்கிறது. மறுபடி அணைத்து, 'வீடு' தேர்ந்தெடுத்துத்தான் சீரியல் பார்க்கிறேன். அடுத்த நாளும் அதே கதை.

இன்னும் கேள். அவன் பாதி பார்த்து விட்ட படங்கள் மேலே வரிசையாக நிற்குமே, எதையும் முழுசாகப் பார்க்கிற பழக்கம்தான் அந்தத் துரைக்குக் கிடையாதே, அந்த வரிசை குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொன்றாக முடிகிறது.

காரிடார் பெருக்கும் சகுந்தலா நேற்று கேட்கிறாள்: "இன்னா டீச்சரம்மா, பூட்டின வூட்டுக்குள்ள பேச்சு சத்தம் கேட்டுகினே கீது? ஐயா கீழ போனத நானே பாத்தேனே!" மாமாவும், கல்பாக்கத்தில் அவரோடு வேலை பார்த்த ஜான்சன் அண்ணனும் தினமும் காலையில் கோவளம் போய் நடந்துவிட்டு மதியம்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பிசிக்ஸ் டீச்சர் எழுதக்கூடாததை எழுதுகிறேன். அவன் வருகிறான். மாமல்லபுரத்தில் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம், அவன் போகவில்லை. விட்டதை முடிக்க வருகிறான். எனக்குப் பயமாக இருப்பது அவன் வருவதால் இல்லை. வரிசையில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. முடித்துவிட்டால் போய்விடுவானே!

மாமாவிடம் சொல்ல வழியில்லை. பதினாறாம் நாளே அவன் சட்டைகளை எல்லாம் தூக்கிக் கொடுத்தவர், பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவர். நீதான் அவனோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் தயார் செய்தாய். அந்த வரிசை முடிந்துபோகாமல் எப்படியாவது நிறுத்தி வை.

உன் அத்தை,
கல்யாணி


பூனா
06.08.2024

அன்பு அத்தை,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பரீட்சை பேப்பர் திருத்தி வந்துவிட்டதோ என்று பயந்தே போனேன். போனை எடுக்காததற்குத் திட்டியது சரிதான். நேற்று முழுக்க உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். அவன் வருகிறான் என்று படித்ததும் ஒரு நிமிஷம் ஊருக்கு டிக்கெட் பார்த்தேன், அத்தை. பிறகுதான் புத்தி வந்தது.

அந்தப் பெட்டியைச் செய்தபோது எங்களுக்குள் பெரிய சண்டை. இரண்டு பக்கத்தில் தானாகத் திறப்பது எது? பெரியவர்கள் பக்கம்தான் என்றேன் நான். விஷால் ஒத்துக்கொள்ளவில்லை. "கடைசியா யாரு பாத்தாங்களோ அவங்க பக்கம். அதுதான் நியாயம்" என்று அப்படியே செட் செய்துவிட்டான். இரண்டு வருஷமாக நீங்கள் 'வீடு' மட்டும் பார்த்தீர்கள், அதனால் 'வீடு' திறந்தது.

சாயங்காலம் நீங்கள் 'வீடு' பக்கத்தில் அணைக்கிறீர்கள். அடுத்த நாள் 'விஷால்' திறக்கிறது என்றால், நடுவில் யாரோ அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பேய்க்கு ரீமோட் வேண்டாம் அத்தை, மனுஷனுக்குத்தான் வேண்டும். மாமா நிஜமாகவே கோவளம் போகிறாரா என்று ஜான்சன் அங்கிளிடம் கேட்டுப் பாருங்கள்.

வேண்டுமானால் எப்போதும் 'வீடு' மட்டுமே திறக்கிற மாதிரி மாற்றிவிடலாம். வழி எழுதி அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ரோகிணி


கேளம்பாக்கம்
14.08.2024

ரோகிணி,

நான் உன்னிடம் காரணம் கேட்கவில்லை. அவனை நிறுத்தி வைக்கத்தான் கேட்டேன். ஜான்சன் அண்ணனிடம் பேசினேன். முழங்கால் வலியால் ஆடி மாதம் முழுக்க அவர் வீட்டை விட்டே கிளம்பவில்லையாம். போதுமா? திரும்பி வந்த பிள்ளையை ஒரு பக்கக் கடிதத்தில் அனுப்பிவிட்டாய். இனி எழுத வேண்டாம்.

கல்யாணி


கேளம்பாக்கம்
24.09.2024

என் அருமை ரோகிணிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியாது, உனக்குத் தெரியாததா?

அதை எழுதி இரண்டொரு வாரம் கழித்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சத்தமில்லாமல் சாவி போட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். உன் மாமா சோபாவில் இருந்தார். விஷால் உட்காரும் ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டு மறு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். இவர் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கேட்கிறார்: "டேய், இவன் நல்லவனா கெட்டவனா? எனக்கு முன்கதை தெரியாதுடா. சொல்லேன்."

அவன் விட்ட இடத்திலிருந்துதான் பார்க்கிறார், ரோகிணி. ஒரு படத்தைக்கூட முதலிலிருந்து போடவில்லை. படம் பார்த்தே உருப்படாமல் போகிறான் என்று அவனை வாய் ஓயாமல் திட்டிய மனுஷன். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருஷமாகக் கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

அன்று சாயங்காலம் பார்த்தால் வரிசையில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. அது முடிந்தால் இவர் எங்கே போய் உட்காருவார், யாரிடம் பேசுவார்? அவன் போய்விடுவான் என்று நான் பயந்த பயமெல்லாம் இவர் பக்கம் திரும்பிவிட்டது. இவர் பால் வாங்கப் போன சமயத்தில் 'விஷால்' பக்கத்துக்குள் போய், ஒரு புதுப் படத்தைத் தொடங்கி, நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன். இரண்டு நாளில் அது முடிந்திருந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் முடிந்தது. இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போடுகிற அளவுக்கு இப்போது தேறியிருக்கிறார்.

நீ போனை ஏன் எடுப்பதில்லை என்றும் எனக்குப் புரிகிறது. என் குரலில் அவன் சாயல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எடுக்க வேண்டாம் அம்மா. அங்கே நன்றாக இரு. எப்போதாவது ஒரு கடிதம் போடு, எனக்கு அது போதும்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். நேற்று பார்த்தேன், நான் வைத்த படம் தொடாமல் அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் நான் தொடங்காத ஒரு படம் பாதியில் நிற்கிறது. மாமாவாக இருக்கலாம். ஆனால் அவருக்கு எதையும் முதலிலிருந்து போடும் பழக்கமே இல்லை. யார் என்று நீ கண்டுபிடித்து எழுதாதே. செட்டிங்கையும் மாற்ற வேண்டாம்.

இன்று பள்ளி விட்டதும் சீக்கிரம் கிளம்புகிறேன். அந்தப் படத்தின் மீதியை நான் பார்க்க வேண்டும்.

உன்
கல்யாணி அத்தை