அழைப்புமணி அடித்துவிட்டு ஓடியவர்கள்

அன்புள்ள அண்ணா,

உன் வாலு எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் அம்மா பிரித்துப் படித்துவிடுவாள். நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்.

அண்ணி எங்கே தங்கியிருக்கிறார் என்று சொன்னால் புது போன் வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறாய். கீறல் விழுந்த போனோடு நான் இரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துவது உனக்குத் தெரியும். இருந்தும் வேண்டாம். எனக்குத் தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

நீ அம்மாவையும் பிடித்துவிட்டாய். நேற்று துணி மடித்துக்கொண்டே, "ஏதோ கோவத்துல ரெண்டு அடி அடிச்சிட்டான். இடத்தைச் சொல்லித் தொலைடி, போய்ப் பேசி கூட்டிட்டு வரட்டும்" என்றாள். என் பதிலுக்காக வலது காதைத் திருப்பிக்கொண்டாள். இடது காது ஏன் கேட்காமல் போனது என்று நீயும் நானும் பேசியதே இல்லை.

அண்ணி உன் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்த வழியில் என் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். நான் வழக்கம்போலப் பின்னால் போய் 'பே' என்றேன். கட்டுப் போட்ட கையோடு சேர்த்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான் யாரையும் பயமுறுத்தவில்லை. டீச்சர்கள் என் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள்.

பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவர்கள் மாறுவதற்கென்று நடக்கும் அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டே வாரம்தான் போனாயாம். வகுப்புக்கு மட்டம் போடுவது என் இலாகா அண்ணா, அதில் நீ கைவைக்காதே. "கோவம் வந்தா என்ன செய்யறேன்னே தெரியல சார்" என்றாயாம். "உங்க மேனேஜரை இதுவரை எத்தனை தடவை அடிச்சிருக்கீங்க?" என்று நடத்துகிறவர் கேட்டதும் எழுந்து வந்துவிட்டாய். அவர் உன்னை அவமானப்படுத்தினார் என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கு நம் அழைப்புமணி ஞாபகம் வந்தது. அப்பா அம்மாமேல் கைவைக்க ஆரம்பித்ததும் நீ என்னைச் சன்னல் வழியாக இறக்கிவிடுவாய். நான் ஓடிப்போய் வாசல் மணியை அடித்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொள்வேன். என் முதல் குறும்பே அதுதான். சொல்லிக்கொடுத்தது நீ. அப்பா கதவைத் திறக்கும்போது தலை சீவியிருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். "யாருங்க?" என்று அப்படி ஒரு மரியாதை. கூடத்திலிருந்து வாசலுக்கு ஏழெட்டு அடி இருக்குமா? கோவத்தில் கண் தெரியாமல் அடித்தவருக்கு அதற்குள் கண் தெரிந்துவிடும்.

அதை முதலில் கண்டுபிடித்தவன் நீ. "பாத்தியா, நிறுத்த முடியுது அவரால" என்று என் காதில் சொன்னாய். அப்போது உனக்குப் பதிமூன்று வயது.

இந்தச் சனிக்கிழமை போ. அந்தக் கதையை அங்கே சொல். நான் சொல்வதுபோலச் சிரிப்பு மூட்டாமல் சொல். அண்ணி திரும்பி வருவாரா என்று என்னைக் கேட்காதே, அவரையும் தேடாதே. அவர் வராவிட்டாலும் நீ போய்க்கொண்டே இரு.

நீ நன்றாக இருக்கவேண்டும் அண்ணா. அண்ணி அதற்கு முன்னால் நன்றாக இருக்கவேண்டும். உன் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுகிற வேலை எந்தக் குழந்தைக்கும் வராமல் இருக்கட்டும்.

மாடிப்படிக்குக் கீழே இருந்து,
உன் வாலு