மாப்பிள்ளையின் கண் போன இடம்

12-6-1971

இன்றும் என் பீங்கான் கடையில் வருகிறவர் கண்ணை வைத்தே வியாபாரம். சேத்தியாத்தோப்பு அம்மாள் ஒருவர் ஊறுகாய் ஜாடிக்கு விலை கேட்டபடி இருந்தார். கண் மட்டும் மேல்தட்டுப் பொம்மைக்குப் போய்ப் போய் வந்தது. எடுத்து முன்னால் வைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிப் போனார். வாய் பொய் சொல்லும், கண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

20-6-1971

தங்கை கனகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சாமிதுரை, திட்டக்குடியில் தையல் கடை. பேச்செல்லாம் அவன் அம்மாதான். அவன் கண்ணோ கனகாவின் வாயை விட்டு நகரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெத்துப்பல். குறை தேடுகிறான் பயல். அம்மாவுக்குப் பிடித்துப்போய்த் தட்டும் மாற்றியாகிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் நானல்லவா தடுத்திருக்க வேண்டும்?

3-7-1971



சாமிதுரை கடைக்கு ஜாடி வாங்க வந்தான். இங்கே பிள்ளைகள்கூட ஜாடியைச் சுண்டிப் பார்த்துத்தான் எடுக்கும். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் விரிசல். அவன் சுண்டவேயில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னாலிருந்து, "அது வேணாங்க, விரிசல்" என்றேன். திரும்பவில்லை. திமிரா? அதற்குள் என் கையிலிருந்த மூடி நழுவிச் சிமெண்டுத் தரையில் சுக்குநூறானது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.

ஐயோ, காது கேட்காது. அன்று அவன் பார்த்தது பல்லை இல்லை, பேச்சை. கண்ணைப் படிப்பதாக நான் அடித்த பெருமையில் மண்.

4-7-1971

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "ஏமாத்திப்புட்டாங்களே. போயி சம்பந்தம் வேணான்னு சொல்லிட்டு வாடா." சட்டையை மாட்டினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே" என்றாள் கனகா.

தூக்கிவாரிப் போட்டது.

"அவரு பாக்குறதப் பாத்தே சந்தேகம். காப்பி குடுக்கறப்ப சத்தமே இல்லாம வாய மட்டும் அசைச்சேன், சக்கரை போதுமான்னு. போதும்னாரு."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நிறுத்திப்புடுவீங்க. இந்த வூட்ல நான் பேசறப்ப யாருண்ணே நிமிந்து பாத்திருக்கீங்க?"

நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்க்கிறவன் நான். சட்டையைக் கழற்றிவிட்டேன்.

5-7-1971

திட்டக்குடி போகவில்லை. அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் கனகா பேசினால் நிமிர்ந்து பார்க்கிறாள்.

27-8-1971

கொளஞ்சியப்பர் கோயிலில் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டியதும் நான் மாப்பிள்ளை தோளைத் தொடுவதாகப் பேச்சு. கூட்டம் குறுக்கே நெருக்கியதில் கை எட்டவில்லை. மேளம் முழங்குகிறது, அவன் தாலியைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறான். எனக்கு உயிரே போயிற்று.

குனிந்திருந்த கனகா சபை நடுவே தலையை நிமிர்த்தி, அவன் கண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவன் கட்டினான்.

"மணையில ஒக்காந்து மாப்ளைய இப்படியா பாப்பா ஒரு பொண்ணு?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அது பார்வை இல்லீங்க" என்றாள் அம்மா. "பேசிக்கிறாங்க."